கேட்பவரும் கொடுப்பவரும் ஒருவரேயானால்

இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் பிரதிநிதிகள் இன்றி இயங்கி வந்த நமது உள்ளூராட்சி சபைகள், 2025 மே 6 ஆம் திகதி நடைபெற்ற தேர்தலின் பின்னர் மீண்டும் உயிர் பெற்றன. வடக்கில் மாத்திரம் இரண்டு மாநகர சபைகள், நான்கு நகர சபைகள், 28 பிரதேச சபைகள் என 34 சபைகள் உள்ளன. மன்னார் மாவட்டத்தை எடுத்துக்கொண்டால் மன்னார் நகர சபையும் மன்னார், நானாட்டான், முசலி, மாந்தை மேற்கு ஆகிய நான்கு பிரதேச சபைகளும் அவற்றுள் அடங்கும். எந்தக் கட்சிக்கு எத்தனை ஆசனம், தவிசாளர் பதவிக்காக யார் யாருடன் கைகோத்தார்கள், எந்தச் சபையில் திருவுளச்சீட்டுப் போடப்பட்டது என்பவற்றையெல்லாம் நாம் வேண்டிய மட்டும் பேசி முடித்துவிட்டோம். தெரிவு செய்யப்பட்டவர் ஏற்கனவே வேறு எந்தெந்த நாற்காலிகளில் அமர்ந்திருக்கிறார் என்ற கேள்வியை மாத்திரம் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இந்தக் கேள்வி சிறியதல்ல. ஒரே மனிதர் இரண்டு பொதுப் பதவிகளை ஒரே காலத்தில் வகிக்கும்போது, ஒரு பதவியின் கடமை மற்றைய பதவியின் கடமையோடு மோதுகின்றது. இதனையே நலன் முரண்பாடு என்கிறோம். இதில் பணம் கைமாற வேண்டும் என்பதில்லை. அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனால் ஒரு மேசையின் இந்தப் பக்கத்திலிருந்து விண்ணப்பத்தை நீட்டுபவரும் அந்தப் பக்கத்திலிருந்து அதனைப் பெற்றுக் கையொப்பமிடுபவரும் ஒருவரே என்றால், இடையில் நின்று "இது சரியா?" என்று கேட்பதற்கு ஆள் இல்லாமற் போய்விடுகின்றது.

முசலிப் பிரதேசத்தின் கரையோரக் கிராமமான அரிப்பை வைத்து இதனைப் பார்ப்போம். அருவியாறு கடலோடு கலக்கும் இடத்திற்கு அருகில், முத்துச் சலாபத்தால் ஒரு காலத்தில் உலகமே அறிந்திருந்த ஊர் அது. இன்று அங்குள்ள மக்களின் வாழ்வு மீனிலும் நண்டிலும் தங்கியுள்ளது. இத்தகைய ஊரில் ஒரு குடும்பத்தின் அன்றாடத்தைத் தீர்மானிக்கும் அமைப்புகள் எவை என்று எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கும். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம், கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், ஆலய சபை, பாடசாலை அபிவிருத்திச் சங்கம், அவற்றுக்கு மேல் கிராம அலுவலர், பிரதேச செயலகம், பிரதேச சபை. கொழும்பிலிருந்து பார்ப்பவருக்கு இவை வெவ்வேறு அமைப்புகள். ஊருக்குள் இருந்து பார்ப்பவருக்கோ இவை பெரும்பாலும் அதே ஐந்தாறு முகங்கள்.

கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் தலைவர் ஒருவர் பிரதேச சபை உறுப்பினராகவும் தெரிவாகிறார் என வைத்துக்கொள்வோம். (அரிப்பில் இன்று இவ்வாறு இருக்கின்றது என்று நாம் கூறவில்லை. எந்தவொரு தனிநபரையும் சுட்டுவதும் எமது நோக்கமல்ல.) இறங்குதுறைக்குச் செல்லும் வீதியைத் திருத்த வேண்டும் எனச் சங்கத்தின் தலைவர் சபைக்குக் கடிதம் எழுதுகிறார். சபையின் உறுப்பினர் அந்தக் கடிதத்தை ஆதரித்துப் பேசி வாக்களிக்கிறார். இதுவரை எவருக்கும் தீங்கில்லை. ஊருக்கு நன்மை என்றே சொல்லலாம். அடுத்து, வேலை சிறியது என்பதால் கேள்விப்பத்திரம் கோராமல் ஊர்ச் சங்கமொன்றிடமே ஒப்படைக்கலாம் என முடிவாகின்றது. அரசாங்கக் கொள்வனவு நடைமுறைகளில் இதற்கு இடமுண்டு. சமூகத்தின் பங்களிப்பை ஊக்குவிக்கவே அந்த ஏற்பாடு செய்யப்பட்டது. இப்போது வேலையைக் கேட்டவர், ஒதுக்கீட்டுக்கு வாக்களித்தவர், வேலையை ஏற்றவர், வேலை முடிந்தது எனச் சபையில் சாட்சி சொல்பவர் ஆகிய நால்வரும் ஒருவரே ஆகிவிட்டனர். சல்லிக்கற்கள் குறைவாகப் போடப்பட்டால் யாரிடம் முறையிடுவது?

வீதி கூடப் பரவாயில்லை. கடலைப் பற்றிய தீர்மானங்களில்தான் இது வயிற்றில் கைவைக்கும் விடயமாகின்றது. பருவகாலத்தில் வெளிமாவட்டங்களிலிருந்து வந்து கரையில் வாடி அமைப்போருக்கு இடமளிப்பதா, எத்தனை படகுகளுக்கு அளிப்பது, கரைவலைப் பாட்டின் எல்லை எது, கடலட்டைப் பண்ணைக்கு எந்தக் களப்பை விடுவது, அதனால் எவருடைய வலைப்பாடு அடைபடும் என்பன வடக்கின் கரையோரமெங்கும் கடந்த சில ஆண்டுகளாகக் கிளம்பிவரும் பிணக்குகள். அனுமதி வழங்கும் அதிகாரம் கடற்றொழில் திணைக்களத்திடமும் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையிடமும் பிரதேச செயலகத்திடமும் பிரிந்து கிடந்தாலும், ஊர்ச் சங்கத்தின் கடிதத்திற்கு அங்கெல்லாம் ஒரு கனம் உண்டு. அந்தக் கடிதத்தை எழுதுபவரே பிரதேச சபையிலும் அமர்ந்து, ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்திலும் ஊரின் குரலாகப் பேசுவாராயின், சங்கத்திற்குள் அவரோடு முரண்பட்ட பத்துப் பேரின் குரல் எந்தப் பாதையால் மேலே போகும்? சிறுதொழிலாளியான ஒருவர் தனது சங்கத் தலைவரைப் பற்றித் தனது பிரதேச சபை உறுப்பினரிடம் முறையிட வேண்டியிருக்கின்றது, இருவரும் ஒருவரே.

சட்டம் இது குறித்து என்ன கூறுகின்றது? சபைக்கும் சபைக்கும் இடையிலான எல்லையில் சட்டம் ஓரளவு விழிப்பாகவே உள்ளது. பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் மாகாண சபை உறுப்பினராக இருக்க முடியாது என 1987 ஆம் ஆண்டின் 42 ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டம் விதிக்கின்றது. பணத்தின் எல்லையிலும் சட்டத்திற்குக் கண் உண்டு. தான் அங்கம் வகிக்கும் உள்ளூராட்சி சபையுடனான ஒப்பந்தத்தினால் நேரடியாகவோ மறைமுகமாகவோ நன்மை பெறுவதை உள்ளூராட்சி அதிகார சபைகள் தேர்தல் கட்டளைச் சட்டம் தகுதியீனமாகக் கொள்கின்றது. 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டமோ நலன் முரண்பாட்டைப் பெயர் சொல்லியே குறிப்பிடுவதுடன், உள்ளூராட்சி உறுப்பினர்கள் தமது சொத்துக்களையும் பொறுப்புக்களையும் வெளிப்படுத்த வேண்டும் எனவும் பணிக்கின்றது. ஆனால் சொத்துப் பட்டியலில் காணியும் வாகனமும் வங்கிக் கணக்கும் வரும். தலைவர் பதவியின் பெறுமதியை அங்கே எந்த நிரலில் எழுதுவது? சங்கத் தலைவர் பதவி சம்பளம் இல்லாதது. ஒப்பந்தம் சங்கத்தின் பெயரில் இருப்பதே தவிரத் தலைவரின் பெயரில் இல்லை. ஆகவே பணத்தைத் தேடும் சட்டத்தின் கண்ணுக்கு இந்த நாற்காலி தென்படுவதேயில்லை.

ஒரே கையில் இரண்டு பொறுப்புகள் என்ற சிக்கலுக்கு அரிப்புக் கரை புதியதல்ல. 1798 இல் பிரித்தானிய இலங்கையின் முதலாவது குடியேற்றச் செயலாளராக வந்து சேர்ந்தவர் ஹியூ கிளெக்ஹோர்ன். ஸ்கொட்லாந்தின் சென் அன்ட்றூஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். ஒல்லாந்தரிடம் கூலிக்குப் போரிட்ட டி மெயுரொன் படையணியை 1795 இல் பிரித்தானியர் பக்கம் திருப்பியவர். ஆளுநர் பிரெடெரிக் நோர்த்துக்கு அடுத்த நிலையில் நிர்வாகத்தின் கடிவாளத்தைப் பிடித்திருந்த அவரிடமே, 1799 இல் அரிப்பு – கொண்டச்சிக் கரையில் நடந்த முத்துக்குளிப்பின் மேற்பார்வையிலும் பங்கு கொடுக்கப்பட்டது. அன்றைய அரசாங்கத்திற்கு முத்துச் சலாபம் பெரும் வருமானம் தரும் இடம். சிப்பிகளை எண்ணுவது, ஏலம் விடுவது, தோணிகளைக் காவல் செய்வது என ஒவ்வொரு படியிலும் கைநழுவக்கூடிய பொருள் அது. முறைகேடு நடந்ததாகக் குற்றச்சாட்டு எழுந்தபோது, கணக்குக் கேட்க வேண்டிய தலைமைச் செயலகமும் கணக்குக் கொடுக்க வேண்டிய சலாபமும் ஒரே பெயரில் வந்து முட்டி நின்றன. ஆளுநருக்கும் அவருக்கும் இடையில் கசப்பு முற்றி, 1800 இல் அவர் பதவியை விட்டு நாடு திரும்பினார். அவர் உண்மையில் குற்றம் இழைத்தாரா என்பது இருநூறு ஆண்டுகளின் பின்னர் நாம் தீர்க்க வேண்டிய வழக்கல்ல. குற்றமற்றவராக இருந்திருந்தாலும் அதனை நிரூபிக்கத் தம்மையன்றி வேறொரு சாட்சி அவருக்கு இல்லாமற் போயிற்று என்பதே இங்கு கவனிக்க வேண்டியது. இரட்டைப் பதவி முதலில் காவு கொள்வது அதனை வகிப்பவரின் நற்பெயரைத்தான்.

நோர்த் அரிப்பில் தமக்கெனக் கட்டிய மாளிகை இன்று கடலரிப்பினால் துண்டு துண்டாகச் சரிந்து வருகின்றது. அல்லிராணிக் கோட்டை என ஊரார் அழைக்கும் அந்தச் சிதைவைக் காப்பது யார் பொறுப்பு என்று கேட்டால், தொல்லியல் திணைக்களம், கரையோரம் பேணல் திணைக்களம், பிரதேச செயலகம், பிரதேச சபை எனப் பல பெயர்கள் வரும். அதிகாரம் ஒரே ஆளிடம் குவிவதும், ஒருவரிடமும் இல்லாதபடி சிதறுவதும் ஒரே நிர்வாகத்தின் இரண்டு நோய்கள் போலும்.

குடியேற்ற ஆட்சி இந்த முறையை ஓர் ஒழுங்காகவே வைத்திருந்தது. வரி சேகரித்த அதே அரசாங்க அதிபர் நீதவானாகவும் அமர்ந்தார். 1906 இல் மறிச்சுக்கட்டி முத்துக்குளிப்பில் பணியாற்றிய லெனார்ட் வூல்ஃப், சில ஆண்டுகளின் பின் அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தபோது அவ்வாறே வழக்குகளையும் விசாரித்தார். சுதந்திரம் பெற்று முக்கால் நூற்றாண்டு கடந்தும் அந்த மரபின் வாசனை முற்றாக நீங்கவில்லை.

இதற்குச் சான்று தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. 2023 மார்ச் 9 ஆம் திகதி நடைபெற்றிருக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தல், நிதி விடுவிக்கப்படாமையால் நடைபெறவில்லை. அதே மாதம் 19 ஆம் திகதியுடன் சபைகளின் பதவிக்காலம் முடிவடைந்தது. அன்றிலிருந்து 2025 வரை பிரதேச சபைகளின் அதிகாரங்கள் அவற்றின் செயலாளர்களின் கைக்குச் சென்றன. சாதாரண காலத்தில் செயலாளர் என்பவர் சபையின் ஊழியர். தவிசாளரும் உறுப்பினர்களும் தீர்மானிப்பதை நிறைவேற்றுபவர். தவறாகத் தீர்மானித்தால் சட்டத்தைச் சுட்டிக்காட்டித் தடுப்பவர். இரண்டு ஆண்டுகளாக அவரே தீர்மானித்து, அவரே நிறைவேற்றி, வரவு செலவுத் திட்டத்தைத் தாமே தயாரித்துத் தாமே ஏற்றுக்கொண்டார். மேலே உள்ளூராட்சி ஆணையாளர் இருந்தார் என்பது உண்மையே. ஆயினும் அரிப்பில் எரியாத தெருவிளக்கைப் பற்றி ஆணையாளரிடம் போய்ச் சொல்ல எத்தனை பேரால் முடியும்? செயலாளர்களை நாம் குறை கூறவில்லை. அவர்களில் பலர், கேட்டு வாங்காத இந்த இரட்டைச் சுமையை முடிந்தவரை ஒழுங்காகவே சுமந்திருப்பர். குறை, சுமத்தியவர்களுடையது. தேர்தலை நடத்தாமை அடிப்படை உரிமை மீறல் என 2024 ஆகஸ்ட் 22 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தமையை இங்கு நினைவுகூர வேண்டும்.

பிரதேச சபைக்கு மேலே ஏறிப் பார்த்தால் நிலைமை இன்னும் வினோதமானது. வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. புதிய முறையில் தேர்தல் நடத்தவெனக் கொண்டுவரப்பட்ட எல்லை நிர்ணய அறிக்கை அதே ஆண்டு ஆகஸ்டில் பாராளுமன்றத்தில் தோற்கடிக்கப்பட்டதோடு மாகாண சபைத் தேர்தல் கிடப்பிற்குப் போயிற்று. அரசியலமைப்பின்படி நியதிச்சட்டத்தை ஆக்குவது மாகாண சபை. அதற்கு ஒப்புதல் வழங்குபவர் ஆளுநர். ஒருவர் முன்மொழிய மற்றவர் நிறுத்திப் பார்ப்பதற்கான ஏற்பாடு அது. சபை இல்லாத ஆண்டுகளில், ஜனாதிபதியால் நியமிக்கப்பட்ட ஆளுநர் ஒருவரே முதலமைச்சரும் அமைச்சர் வாரியமுமாக நின்று மாகாணத்தை நடத்தும் நிலை உருவாகிற்று. ஆளுநர்கள் மாறினார்கள், முறை மாறவில்லை.

மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவையும் இவ்விடத்தில் விட்டுவிட முடியாது. ஒரு மாவட்டத்தின் அபிவிருத்தி முன்னுரிமைகள் பேசப்படும் இக்குழுவின் தலைமை ஆளும் தரப்பு அரசியல்வாதி ஒருவருக்கே வழங்கப்பட்டு வருகின்றது. யாழ்ப்பாண மாவட்டத்தில் டக்ளஸ் தேவானந்தா காலத்திலும் பின்னர் இராமலிங்கம் சந்திரசேகர் காலத்திலும் கடற்றொழில் அமைச்சரே ஒருங்கிணைப்புக் குழுவுக்கும் தலைமை தாங்கினார். கட்சி மாறிய பின்னரும் நடைமுறை மாறாமையைக் கவனிக்க வேண்டும். கடற்றொழிலாளர் ஒருவர் கடற்றொழில் அமைச்சின் தீர்மானம் பற்றி மாவட்டக் கூட்டத்தில் முறையிட எழுந்தால், அவர் முகங்கொடுப்பது அதே அமைச்சருக்கு. அமைச்சர் நேரடியாகக் கேட்கிறார், உடனே பணிப்புரை வழங்குகிறார் என்று இதனை நியாயப்படுத்துவோர் உண்டு. அந்த வசதியை நாம் மறுக்கவில்லை. ஆனால் அமைச்சின் தவறை அமைச்சரின் தலைமையில் ஆராயும் கூட்டம் எந்த அளவுக்கு ஆராயும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

2025 இல் ஆரம்பிக்கப்பட்ட பிரஜா சக்தித் திட்டத்தின் கீழ் கிராம அலுவலர் பிரிவுகள் தோறும் அமைக்கப்படும் சமூக அபிவிருத்திக் குழுக்கள் இந்தப் பட்டியலில் புதிய வரவு. அவற்றின் தலைவர்கள் மேலிருந்து நியமிக்கப்படுவதையும், உள்ளூராட்சி சபைகளை இவை ஓரங்கட்டிவிடும் என்பதையும் காட்டி எதிர்ப்புகள் எழுந்தன. எமது கவலை அதற்கும் அப்பாற்பட்டது. ஊரில் ஏற்கனவே மூன்று நாற்காலிகளில் இருப்பவருக்கு நான்காவது ஒன்றும் செய்து கொடுக்கப்படுகின்றதா என்பதே அது.

ஏனைய நாடுகள் இதனை எவ்வாறு கையாண்டன எனச் சுருக்கமாகப் பார்ப்பது பயன்தரும். பிரான்சில் பாராளுமன்ற உறுப்பினர் நகரபிதாவாகவும் இருப்பது நெடுங்கால வழக்கம். ஜாக் சிராக் 1986 முதல் 1988 வரை பிரதமராக இருந்தபோதும் பாரிஸ் நகரபிதா பதவியை விடவில்லை. 2014 இல் இயற்றப்பட்ட சட்டம் 2017 முதல் இதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. கலிபோர்னியா மாநிலத்திலோ, ஒன்றோடொன்று மோதும் இரண்டு பதவிகளில் இரண்டாவதை ஏற்ற கணத்திலேயே முதலாவது தானாகப் பறிபோய்விடும். இங்கிலாந்தின் வழி வேறு. அங்கே ஒருவர் இரண்டு மட்டங்களிலான உள்ளூராட்சி சபைகளில் ஒரே நேரத்தில் அங்கம் வகிக்கலாம். ஆனால் தமக்குப் பணநலன் உள்ள விடயத்தை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். அது பேசப்படும்போது விவாதத்திலோ வாக்களிப்பிலோ பங்குபற்றக் கூடாது. நியாயமான காரணமின்றி மீறினால் 2011 ஆம் ஆண்டின் சட்டப்படி அது குற்றம்.

தமிழகத்தின் அனுபவம் நமக்கு இன்னும் நெருக்கமானது. 2001 இல் மு.க. ஸ்டாலின் சென்னை மேயராகவும் சட்டமன்ற உறுப்பினராகவும் ஒரே நேரத்தில் இருந்தார். 2002 இல் ஜெயலலிதா அரசு ஒருவர் இரண்டு தெரிவுப் பதவிகளை வகிக்கக் கூடாதென்று சட்டம் கொண்டுவந்தது. அவ்வாண்டே ஸ்டாலின் மேயர் பதவியை இழந்தார். அந்தச் சட்டத்தின் கொள்கை தவறென்று சொல்ல முடியாது. ஆயினும் அது ஓர் ஆளைக் குறிவைத்துத் தைக்கப்பட்ட சட்டை என்றே பரவலாகக் கருதப்பட்டது. நீதிமன்றப் படிகளிலும் ஏறிற்று. ஓர் எதிராளியை வீழ்த்த வேண்டிய வேளையில் மட்டும் நலன் முரண்பாடு நினைவுக்கு வருமானால், மக்கள் அதனை ஒழுக்கம் என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அப்படியானால் நமது ஊர்களிலும் இரட்டைப் பதவியை முற்றாகத் தடை செய்துவிடலாமா? இங்கேதான் நாம் சற்று நின்று யோசிக்க வேண்டியுள்ளது. முசலிப் பிரதேசம் 1990 இல் தனது முஸ்லிம் மக்களை வெளியேற்றத்தால் இழந்தது. 2007 இல் யுத்தம் மீண்டும் அதனை வெறுமையாக்கிற்று. 2009 இன் பின்னர் திரும்பி வந்தவர்கள் வெறுங்கையுடன் தொடங்கினார்கள். அத்தகைய ஊரில் கடிதம் எழுதத் தெரிந்தவர், கச்சேரிக்குப் போய்ப் பேசத் துணிந்தவர், ஒரு நாள் தொழிலை விட்டுவிட்டுக் கூட்டத்திற்கு வரக்கூடியவர் எனத் தேடினால் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே எஞ்சுவர். அவர்களைப் பார்த்து ஒன்றைத் தவிர மற்றதையெல்லாம் விடு என்றால், சில சங்கங்கள் பூட்டிக்கிடக்கும். சில நாற்காலிகளில் ஒருவரின் தம்பியோ மருமகனோ அமர்வார். முரண்பாடு தீராது, பார்வையிலிருந்து மறைய மட்டும் செய்யும். கடுமையான தடையை விரும்புவோர் இதற்கு விடை கூற வேண்டும்.

எனவே இங்கிலாந்தின் வழியே நமது சிறிய சபைகளுக்குப் பொருந்தும் என நாம் கருதுகின்றோம். அதற்குப் புதிய பாராளுமன்றச் சட்டம் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. ஒவ்வோர் உறுப்பினரும் தாம் பதவி வகிக்கும் சங்கங்களையும் குழுக்களையும் எழுதிக் கையொப்பமிட வேண்டும் என முசலிப் பிரதேச சபை தனது மாதாந்த அமர்வொன்றில் தீர்மானிக்கலாம். அந்தப் பட்டியலைச் சபையின் அறிவித்தல் பலகையில் ஒட்டலாம். தமது சங்கம் சம்பந்தப்பட்ட விடயம் நிகழ்ச்சிநிரலில் வரும்போது அந்த உறுப்பினர் விளக்கம் அளித்துவிட்டு வெளியே செல்ல வேண்டும் என்றும், அவர் சென்றமை கூட்டக் குறிப்பில் பதியப்பட வேண்டும் என்றும் வகுக்கலாம். சங்கத்தினால் செய்யப்படும் வேலையைச் சங்கத்தில் இல்லாத ஒருவர் அளந்து சான்றளிக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். செலவு, சில தாள்களும் ஒரு பசைப் போத்தலும்.

தவிசாளருக்கு அரசியல் துணிவு தேவைப்படும் என்பது உண்மையே. கூட்டணி வைத்து ஆட்சி அமைத்துள்ள சபைகளில் ஒரே ஒரு வாக்கு வெளியே போனாலும் தீர்மானம் தோற்கும் ஆபத்து உண்டு. அப்படித் தோற்கக்கூடிய தீர்மானங்கள் எவை என்பதை அறிவதற்காகவேனும் இந்தப் பரீட்சையை நடத்திப் பார்க்கலாம்.

சபை தானாக முன்வராவிட்டால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அரிப்பு வாசியின் கையில் இருக்கின்றது. கடந்த அமர்வுகளின் கூட்டக் குறிப்புகள், ஊர்ச் சங்கங்களுக்கு வழங்கப்பட்ட வேலைகளின் விபரம், ஒவ்வொன்றுக்குமான தொகை, சங்கத்தின் சார்பில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவரின் பதவி ஆகிய நான்கையும் கேட்டு பிரதேச சபையின் தகவல் அலுவலருக்கு எழுதினால், 14 வேலை நாட்களுக்குள் தமது முடிவை அவர் அறிவித்தாக வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அங்கும் மறுக்கப்பட்டால் கொழும்பிலுள்ள ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். காரணம் எதுவும் கூற வேண்டியதில்லை.